புது வண்டியின் சுருதி

புதிதாய் வாங்கிய 100 சி.சி. மோட்டார் சைக்கிள், காலையில் உதைத்தவுடன் உயிர்பெற்று, தெருமுனை திரும்புவதற்குள் இருமி நின்றுவிடும்போது, அதன்மீது கோபம் கொள்ளாமல், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் வர்ணத்தைப் பார்க்கிறவனே அதன் பாஷை அறிந்தவன். காப்பிப்பொடி நிறமென்றால் க்ஷேமம். வெளுத்திருந்தால் காற்று மிகுதி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி.

என் வண்டியில் கரிதான். எங்கள் தெரு மெக்கானிக், இஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டு, கார்புரேட்டரின் சிறு திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாக நகர்த்தி, ஓசை உச்சத்தை எட்டிய இடத்தில் நிறுத்தி, பின்னர் ஐடிலிங் திருகைத் தளர்த்தி, நிமிஷத்துக்குச் சுமார் 1400 சுற்று என்று கையேடு விதிக்கும் வேகத்துக்கு அதை இறக்கிய நேர்த்தியை, தம்பூராவுக்குச் சுருதி கூட்டுவதைக் கேட்கும் சிரத்தையோடு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மீட்டர் ஏதுமில்லை, செவி ஒன்றே பிரமாணம்.

"செயினை ரொம்ப இறுக்கக் கூடாது சார்; ஆள் உட்கார்ந்தா இன்னும் இறுகும்" என்றவர், கீழ்ச்செயினை விரலால் அசைத்து, ஓர் அங்குலத் தொய்வு கண்டபின்பே நட்டை முடுக்கினார்.

500 கிலோமீட்டர் ஓடியபின் வடித்த முதல் ஆயிலில், பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழகிய அடையாளமாக, மெல்லிய உலோகத்தூள் வெயிலில் மினுங்கியது.