வீட்டைச் சொல்வது யார்?

குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஓர் அடுக்களையைக் காட்டுகிறார். புதுப்பெண் ஒருத்தி கெட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். பிசைந்த கையை உடுத்தியிருக்கும் துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. கணவன் நன்றாயிருக்கிறதென்று சாப்பிட, அவள் முகம் லேசாக மலர்கிறது. இவ்வளவையும் பார்த்துவிட்டு வந்து சொல்பவள் செவிலி. கேட்பவள் பெற்ற தாய். சமைத்தவள் வாய் திறக்கவில்லை. அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. எனவே அது எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு என்று எதுவும் தெரியாமல் குழம்பின் மணம் மட்டும் நம்மிடம் வந்துசேர்கிறது.

குடும்பத்தையும் அன்றாடத்தையும் எழுதிய நவீனத் தமிழ்க் கவிதைகளை வரிசையாக எடுத்துப் படிக்கும்போது இந்தச் செவிலியின் நினைவு அடிக்கடி வருகிறது. வீடு எப்போதும் கவிதையில் இருந்தது. அதை யார் வாயால் கேட்டோம் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழின் கவிஞர்களுக்கு வீடு பெரிய விஷயமாக இல்லை. தனிமை, நகரம், தத்துவத் தேடல் என்று அவர்கள் கவனம் வேறெங்கோ இருந்தது. 1962இல் வந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பைப் புரட்டினாலும் இதே எண்ணம்தான் ஏற்படுகிறது. ஞானக்கூத்தன் வந்துதான் அம்மாவைக் கூண்டில் நிறுத்தினார். ‘அம்மாவின் பொய்கள்’ கவிதையில் வளர்ந்த மகன், சின்ன வயதில் அம்மா சொல்லி வைத்த பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு, இப்போது ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்கிறான். இனிப் பொய் சொல்லும் பொறுப்பு அரசாங்கத்துடையது என்று விட்டுவிட்டாயா என்பது அவன் சந்தேகம். தாய்ப்பாசத்தில் தொடங்கும் கவிதை அரசியலில் போய் இடிக்கிறது. அம்மாவை வணங்காமல், அம்மாவோடு வழக்காடிய கவிதை அது.

எழுபதுகளில் திருநெல்வேலிப் பக்கம் வேறொரு காற்று. கல்யாண்ஜியும் கலாப்ரியாவும் தெருவையும் திண்ணையையும் பக்கத்து வீட்டு அக்காக்களையும் கவிதைக்குள் கூட்டி வந்தார்கள். இந்த வாஞ்சைக்கு ஈடு சொல்ல ஆளில்லை. ஆனாலும் பெரும்பாலும் இது பார்க்கிறவனின் கவிதை. ஜன்னலுக்கு வெளியே நிற்பவன் சொல்வது. கோவில்பட்டி தேவதச்சன் இதில் சற்று விலகி நிற்கிறார். அவருடைய ஒரு கவிதையில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது காதில் குருவிகளின் சத்தம் விழுகிறது. தொடர்ந்து துவைக்கும்போது அந்தச் சத்தம் இல்லாமல் போனது காதில் விழுகிறது. விமரிசகர்கள் அந்த மௌனத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். எனக்கு அங்கே துணி துவைக்கிற கைமீதே கண் போகிறது. வீட்டு வேலை தியானத்துக்கு இடமாகலாம் என்று எழுத, அதை அவ்வப்போது செய்தால் போதும். நாள் தவறாமல் செய்கிறவர்கள் என்ன எழுதுவார்கள்?

அதற்கான பதில்களில் ஒன்று திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியிலிருந்து வந்தது. ஒரே சிற்றூர் தமிழுக்கு இரண்டு முக்கியமான வீட்டுக் கவிஞர்களைத் தந்திருக்கிறது. ஒருவர் மனுஷ்ய புத்திரன். அவருடைய ‘கால்களின் ஆல்பம்’ கவிதை, குடும்பப் படங்கள் அடுக்கிய வழக்கமான ஆல்பத்தைக் கலைத்துவிட்டு விதவிதமான கால்களைச் சேகரிக்கிறது. தன் கால்களை அதில் எங்கே ஒட்டுவது என்ற கேள்வியை இளம்பிள்ளைவாதம் தாக்கிய ஒருவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

இன்னொருவர் சல்மா. பூப்பெய்தியதும் பள்ளி நின்றுபோன பெண். புனைபெயரில், வீட்டாருக்குத் தெரியாமல், கழிப்பறைக்குள் உட்கார்ந்து எழுதியவர். 2000இல் வெளியான ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பில் பிரகடனமோ கோஷமோ கிடையாது. ‘ஒப்பந்தம்’ கவிதையில் படுக்கையறையில் தவறும் எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்று அம்மா ஜாடையாகவும் அக்கா கோபமாகவும் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறாள் மனைவி. ஏன் இணங்கிப் போகிறாள்? காரணங்களுள் சானிட்டரி நாப்கினும் கருத்தடைச் சாதனமும் உண்டு. கடைக்குப் போக முடியாதவளுக்கு அவற்றை வெளியுலகிலிருந்து கொண்டுவர ஓர் ஆண் வேண்டும். கடைச்சாமான் பட்டியலுக்குள் ஒரு திருமணத்தின் மொத்தக் கணக்கும் அடங்கிவிடுகிறது. தாளிப்புப் புகையை வர்ணித்த மரபில், அதை வாங்கித் தின்ற கண்ணே பேசத் தொடங்கிய இடம் இது. மறு வருடம், 2001இல், அவர் உள்ளாட்சித் தேர்தலில் வென்று பதவிக்கு வந்தார்.

சல்மாவின் கவிதைக்குள் இருப்பது சுவர் உள்ள வீடு. சுகிர்தராணியின் குடும்பம் தெருவிலேயே அடையாளம் காணப்படுவது. அவருடைய நன்கறியப்பட்ட ஒரு கவிதையில், பறையை மாட்டிக்கொண்டு தெருவில் எதிரே வரும் அப்பாவைப் பார்த்து முகத்தை மறைத்துக்கொண்டு கடந்துபோகிறாள் சிறுமி. அப்பாவின் தொழிலும் ஆண்டு வருமானமும் என்னவென்று வாத்தியார் கேட்கும்போது சொல்ல முடியாமல் அடி வாங்குகிறாள். வளர்ந்த பிறகு, யார் கேட்டாலும் சாதியைத் தானே பளிச்சென்று சொல்லிவிடுகிறாள். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் வரும் ‘தந்தையின் தொழில்’ என்ற ஒரு வரி இவ்வளவு கனமானது என்று அதற்குமுன் தமிழ்க் கவிதை சொன்னதில்லை. பெயர் சுட்டாமல் இருப்பது அகமரபுக்கு அழகாக இருக்கலாம். ஊரார் ஏற்கனவே பெயர் வைத்துவிட்ட வீட்டில் பிறந்தவருக்கு அந்த அழகு கட்டுப்படியாகாது. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து இவரையும் எழுத்தாளர் பாமாவையும் நீக்கியபோது, நீக்கியவர்கள் கவிதையைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள் என்று தோன்றியது.

ஈழத்தில் வீடு வேறு கதை. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளியான ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெண் கவிஞர்களின் தொகுப்பு தமிழ்நாட்டின் பெண்கவிதை அலைக்குப் பதினைந்து ஆண்டுகள் முந்தியது. இங்கே பலர் அதை மறந்துவிட்டே வரலாறு எழுதுகிறார்கள். சிவரமணியின் ‘யுத்தகால இரவொன்றின் நெருக்குதல்’ கவிதையில் தும்பியின் இறக்கையைப் பிய்ப்பதும் தடியைத் துப்பாக்கியாக்கி நண்பனைச் சுடுவதும் பிள்ளைகளின் விளையாட்டாகிவிட்டன. அங்கே அன்றாடம் என்பது இதுதான். 1991இல் உயிரை மாய்த்துக்கொள்வதற்குமுன் தன் கவிதைகளையும் எரித்துவிட்டார் அவர். பிழைத்தவை கொஞ்சம். அவரையும் சல்மாவையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அடைத்து வைக்கும் வீட்டுக்கும் எந்நேரமும் பறிபோகக்கூடிய வீட்டுக்கும் இடையே எத்தனை தூரம் என்பது புரியும்.

2003 வாக்கில் பெண் கவிஞர்களின் உடல்மொழி பற்றிப் பெரிய கூச்சல் எழுந்தது. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தலைப்பே பலருக்குப் போதுமானதாக இருந்தது. சினிமாப் பாட்டு எழுதுகிறவர்கள் சிலர் கண்டபடி ஏசினார்கள், எதிர்க்குரல்களும் எழுந்தன. அந்தச் சண்டையில் ஒரு நஷ்டம். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் உடல் வரும் கவிதைகளையே எடுத்துக்கொண்டு பேசியதால், அதே தொகுப்புகளில் இருந்த மாமியார், பள்ளிக்கூடம், சம்பளம் பற்றிய கவிதைகள் கவனிப்பாரற்றுப் போயின. வந்தவாசி அ. வெண்ணிலா போன்றவர்கள் எழுதிய வேலைக்குப் போகும் பெண்ணின் நாள் இன்னும் ஒழுங்காக வாசிக்கப்படவில்லை என்பேன்.

இப்போது வருகிற தொகுப்புகளைப் பற்றி ஒரு மனக்குறை. அம்மா கவிதைகள் பெருத்துவிட்டன. அம்மா அடுப்படியில் இருக்கிறாள், அப்பாவிடம் பழைய சைக்கிள் இருக்கிறது, இருவரும் தியாகிகள். செவிலி திரும்பி வந்துவிட்டாள், இம்முறை மகன் வேஷத்தில். ஞானக்கூத்தனின் மகன் கேட்ட மாதிரி ஒரு குறும்பான கேள்வியைக்கூட இவர்கள் கேட்பதில்லை. விதிவிலக்குகள் உண்டு. பெருந்தேவியின் எதிர்கவிதைகள் குடும்பத்துக்கு வெளியே தனியாக வாழும் பெண்ணின் நாளை அசட்டுக் கண்ணீர் இல்லாமல் எழுதுகின்றன. முகுந்த் நாகராஜன் குழந்தைகளை எழுதும்போது பெற்றோரின் பெருமிதம் குறுக்கே வருவதில்லை.

எழுதப்படாதது ஒன்று கண்ணில் படுகிறது. பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு தரும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 1989இலேயே வந்துவிட்டது. இருந்தும் அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சார்பதிவாளர் அலுவலக வாசலில் காப்பி குடித்துப் பஸ் ஏறுகிற அக்கா தங்கைகள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். நாவல்களில் அவர்களைப் பார்த்திருக்கிறேன். கவிதைத் தொகுப்புகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.