வெற்றியும் தோல்வியும் இல்லாத தொழில்

அரச தரப்புச் சட்டத்தரணி என்றால் எமக்கு எப்போதும் எதிரே நிற்பவர்தான். கொழும்பில் சிரேஷ்ட அரச சட்டத்தரணி வாதாட எழுந்தாலே எம்மவருக்கு வயிறு கலங்கும். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அவர் கையில் இருந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்குக் குறையாத தரமுடையவரிடம் கொடுத்த வாக்குமூலம் அதன்படி சாட்சியமாகும். அது பலவந்தமாக வாங்கப்பட்டது என நிரூபிப்பது கைதியின் பொறுப்பு. அந்த நினைவைச் சுமந்துகொண்டு ரொறன்ரோவுக்கு வந்த நாம், இங்குள்ள 'கிறவுண் அற்றோணி'யையும் அதே கண்களாலேயே பார்க்கிறோம்.

இப்படிப் பார்ப்பவர்கள் வாசிக்க வேண்டியது கை போல் மொறின் வழக்குப் பற்றிய ஆணைக்குழு அறிக்கை. கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி பிரெட் காஃப்மன் எழுதி, 1998இல் ஒன்ராறியோவில் வெளியானது.

1984 ஒக்ரோபரில் ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள குயீன்ஸ்வில்லில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி காணாமற்போனாள். ஆண்டிறுதியில் அவள் உடல் கிடைத்தது. மொறின் பக்கத்து வீட்டு இளைஞர். கிளாரினெட் வாசிப்பார், தேனீ வளர்ப்பார். 'ஒரு மாதிரியான ஆள்' என்று பொலிஸ்காரரின் குறிப்பில் ஏறியது. வேலை முடிந்து அவர் வீடு வரக்கூடிய நேரம் வழக்குக்குப் பொருந்தவில்லை. சிறுமியின் குடும்பத்தார் வீடு திரும்பியதாக முதலில் சொன்ன நேரம், விசாரணையின் போக்கில் பின்தள்ளிப் போயிற்று. ஒரு தலைமயிர், சில நூலிழைகள், சிறைக்குள் அவர் ஒப்புக்கொண்டதைக் கேட்டதாகச் சொன்ன இரு கைதிகள்: இவையே மீதிச் சாட்சியம். 1986இல் விடுதலையானார். அரச தரப்பு மேன்முறையீடு செய்தது. 1992இல் ஆயுள் தண்டனை. 1995இல் மரபணுப் பரிசோதனை அவரைக் குற்றமற்றவர் எனக் காட்டியது. அந்த மரபணுவுக்கு உரியவரை 2020இல் பொலிசார் அடையாளம் கண்டபோது, அவர் இறந்து ஐந்து ஆண்டுகளாகியிருந்தன.

இவ்வழக்கைக் காஃப்மன் கயவர்களின் கதையாக எழுதவில்லை. இவர்தான் குற்றவாளி என்று உண்மையாகவே நம்பியவர்கள், அதற்கு எதிரான எதையும் காண முடியாமற்போன கதை இது. 'சுரங்கப் பார்வை' என்கிறார். இங்கே விதிகள் இல்லாமலும் இல்லை. வழக்குத் தொடுநரின் பணியில் வெற்றி தோல்வி என்ற எண்ணத்துக்கே இடமில்லை என, பூஷே வழக்கில் நீதியரசர் றாண்ட் 1954இலேயே எழுதிவிட்டார். கையிலுள்ள பொருத்தமான தகவல் யாவற்றையும் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும் என, ஸ்ரின்ச்கோம்ப் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. அடுத்த ஆண்டே மொறின் குற்றவாளியாக்கப்பட்டார்.

காஃப்மன் வியன்னாவில் பிறந்த யூதர். 1939இல், பதினைந்து வயதில், இங்கிலாந்துக்குத் தப்பியவர். மறு ஆண்டே 'எதிரி நாட்டவர்' எனப் பிடிக்கப்பட்டு, கனடாவின் தடுப்பு முகாமுக்குக் கப்பலேற்றப்பட்டவர். குற்றமில்லாமல் அடைபடுவது என்னவென்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஆயினும் அவரது 119 பரிந்துரைகளையும் வாசித்து முடித்த பின்னர் எமக்கொரு குறை எஞ்சுகிறது. மொறினுக்குத் தன் கதையைச் சொல்ல ஆங்கிலம் இருந்தது. மொழியில்லாதவன் கதி என்ன? மொறின் மீண்ட அதே 1995இல், இலங்கையில் நல்லரத்தினம் சிங்கராசா தண்டிக்கப்பட்டார். சான்று ஒரே ஒரு வாக்குமூலம். அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்டு, அவரது பெருவிரல் அடையாளம் பதிக்கப்பட்டது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரர். அது நியாயமான விசாரணையல்ல என ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் கூறியது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

கொழும்பின் அரச தரப்பை எமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். குயீன்ஸ்வில் அயலவரைத்தான் நாம் இன்னும் அடையாளம் காணவில்லை. ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பெடியன் பிடிபட்டால், "சும்மா பிடிப்பாங்களோ?" என்று முதலில் கேட்பவர்கள் நாம்தான்.