பேஸ் மேலே போனால் கீழே யார்?

சென்ற மாதம் ஒரு கல்லூரிப் போட்டியில் சிறந்த பேஸ் கிட்டார் கலைஞருக்கான பரிசு, பாட்டின் பாதியைச் செயற்கை ஹார்மோனிக்ஸிலேயே வாசித்த இளைஞருக்குப் போனது. நடுவர் ஒருவர் மேடையிலேயே காரணமும் சொன்னார்: பேஸ் இத்தனை காலம் பின்னால் நின்று சுமை தூக்கியது போதும், இனி அது பாடட்டும். அரங்கம் கைதட்டியது. வாசித்தவரின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

செயற்கை ஹார்மோனிக்ஸ் உத்தி கடினமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடது கை விரல் ஒரு ஃப்ரெட்டை அழுத்தியிருக்க, வலது கைக் கட்டைவிரலின் ஓரம் மிச்சத் தந்தியின் சரிபாதியைத் தொட வேண்டும். தொட்டபடியே அதற்குப் பின்னால் இன்னொரு விரல் மீட்ட வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் ஒலி செத்துவிடும். ஒரு நூல் தள்ளிப்போனால் வெறும் ‘டக்’. இடது கை நகர நகர அந்தப் பாதிப்புள்ளியும் நகர்ந்துகொண்டே இருக்கும். 34 அங்குலத் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டைப் பிடித்தால் மிச்சம் ஏறக்குறைய இருபத்தைந்தரை அங்குலம். அதில் பாதி எங்கே என்று மேடையில் தேட நேரமில்லை, கட்டைவிரலுக்கே தெரிந்திருக்க வேண்டும். சரியாக விழுந்தால், வெண்கலக் கிண்ணத்தைச் சுண்டிவிட்டதுபோல் ஒரு நாதம். இயற்கை ஹார்மோனிக்ஸ் தந்தியின் சில இடங்களில் மட்டுமே கிடைக்கும். இந்த வழியில் எந்தச் சுரத்தையும் அப்படி ஒலிக்கவைக்கலாம். அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த அழகுக்கு என்ன விலை கொடுக்கிறோம்? நடுவைத் தொட்டதும் தந்தியின் அடிப்படை அதிர்வு அணைகிறது. ஒற்றைப்படை அதிர்வுகள் போய் இரட்டைப்படை மட்டும் மிஞ்சுகின்றன. ஜி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் 131 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய சி, 262க்குத் தாவிவிடுகிறது. அது பியானோவின் நடு சி. பாடகியின் குரல் அங்கேதான் இருக்கிறது, கிட்டாரும் அங்கே, கீபோர்டின் வலது கையும் அங்கே. ஏற்கெனவே நெரிசலான தெருவில் பேஸும் போய்க் கடை விரிக்கிறது. அது விட்டுவந்த தெருவில் ஆளே இல்லை.

அங்கே ஆள் இல்லாவிட்டால் என்ன குறை என்று கேட்பவர்கள் கார்டு என்பது எப்படி உருவாகிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கிட்டார் சி, இ, ஜி என்ற மூன்று சுரங்களையும் பிடித்திருக்கிறது. கீழே பேஸ் சி வைத்தால் அது நிறைவான சி மேஜர். அதே மூன்று சுரங்களுக்குக் கீழே ஏ வைத்தால் ஏ மைனர் செவன். மேலே ஒரு விரல்கூட அசையாமல் பாட்டின் முகம் வாடிவிடும். இ வைத்தால் கால் ஊன்றாமல் அடுத்த இடத்துக்குக் கிளம்பத் துடிக்கும். கார்டுக்குப் பெயர் வைக்கும் உரிமை பேஸ் கையில் இருக்கிறது. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் தனி மெட்டாகவே நடப்பதைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இதைப் பாடமாக விளக்க வேண்டியதில்லை. அந்த உரிமையை விட்டுவிட்டு மேலே வந்து இன்னொரு மெட்டைச் சேர்ப்பதை எப்படி விடுதலை என்று அழைக்கிறார்கள்?

பேஸ் பாடட்டும் என்னும் கட்சிக்காரர்கள் எப்போதும் பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸைத் துணைக்கு அழைப்பார்கள். 1977இல் வந்த வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ தொகுப்பில் ‘பேர்ட்லேண்ட்’ தொடங்குவதைக் கவனித்துக் கேளுங்கள். ஜாகோ செயற்கை ஹார்மோனிக்ஸில் மெட்டை வாசிக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்பே குழுவின் கீபோர்டு கலைஞர் ஜோ ஜாவினுல் சின்தசைசரில் கீழ்வரியைப் போட்டுவைத்துவிட்டார்! தளத்தில் ஆள் இருந்ததால்தான் ஜாகோவால் மாடிக்குப் போக முடிந்தது. மெட்டைச் சொல்லி முடித்ததும் அவரே கீழிறங்கி பேஸ் வேலையைக் கையில் எடுக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த அவரது ‘போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி’ தனி பேஸ் வாசிப்பு. பெரும்பாலும் இயற்கை ஹார்மோனிக்ஸ். அதிலும் அடிச்சுரங்களை முழங்கவிட்டு, அவற்றின் மேல்தான் ஹார்மோனிக்ஸை அடுக்குகிறார். ஸ்டீவ் பெய்லி போன்றவர்கள் ஆறு தந்தி ஃப்ரெட்லெஸ் பேஸில் கீழ்ச்சுரத்தையும் ஹார்மோனிக்கையும் சேர்த்தே ஒலிக்கவைக்கிறார்கள். அப்படி வாசித்தால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் அவர்களைப் பார்த்துக் கற்றவர்கள் மேல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அலைபேசி ஒலிபெருக்கியில் கீழ்ச்சுரம் சரியாகக் கேட்காது, ஹார்மோனிக் பளிச்சென்று கேட்கும்; ஒரு நிமிடக் காணொளிகளில் இந்த மோகம் பரவியதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சுமை தூக்குவதாம்! டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றையே பயன்படுத்தினார். அந்த ஒற்றை விரலால் அடியிலேயே இருந்துகொண்டு பாட்டை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பினார். 1971இல் வந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டைக் கேட்டுவிட்டு, அந்த பேஸ் அடிமையாக வாசிக்கிறது என்று ஒருவர் சொல்லட்டும்.

போட்டியன்று நான் டிரம்மரின் பக்கமாக உட்கார்ந்திருந்தேன். ஹார்மோனிக்ஸ் தொடங்கிய இரண்டாவது வரியிலேயே அவர் கிக் டிரம்மை ஓங்கி மிதிக்கத் தொடங்கினார். தாளம் மாறவில்லை, பலம்தான் கூடியது. காலுக்கடியில் எதுவோ காணாமல் போனதை அவர் உடம்பு உணர்ந்து, தனியாளாக அதை ஈடுகட்டப் பார்த்தது. பாடிய பெண் ஒருமுறை திரும்பி ஆம்ப்பைப் பார்த்தார், ஒயர் கழன்றுவிட்டதோ என்பதுபோல. நடுவர்களின் கண்கள் கட்டைவிரல் மேலேயே இருந்தன.

அதே மேடையில் முன்னதாக இன்னொரு மாணவி வாசித்தார். கீழ் இரண்டு தந்திகளை விட்டு அவர் ஏறவே இல்லை. கடைசிச் சரணத்தில், கிட்டார் அதே சி, இ, ஜியில் நின்றிருக்க, எல்லோரும் சி எதிர்பார்த்த இடத்தில் அவர் ஏ வைத்து, அதை நான்கு மாத்திரைக்கும் விடாமல் பிடித்திருந்தார். என் பக்கத்தில் அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். பரிசுப் பட்டியலில் அந்த மாணவிக்கு ஆறுதல் இடம்கூட இல்லை.