பாட்டும் பத்திரமும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம்விட்ட பின்னும் திருவிழா இரவுகளில் உறுமி ஓயவில்லை. இல்லாதிருந்தது ஒன்றே: இந்தப் பாட்டு இன்னாருடையது என்று சொல்லும் ஒரு தாள். திரைப்படத்துக்கும் தொலைக்காட்சி நாடகத்துக்கும் சொந்த இசையை அளிக்க முன்வரும் இளைஞர் இடறுவது அந்தத் தாளில்தான்.

எனினும், தாளுக்கு முன் பாட்டைப் பார்த்தல் வேண்டும். இயக்குநரிடம் கொண்டு செல்லப்படும் மாதிரிப் பாடல்களில் சென்னையின் எதிரொலியே மிகுதி. அவை பாடகரின் குரல்வளத்தைக் காட்ட அமைந்தவை, காட்சிக்கு இடந்தராதவை. ஒரு தாய் பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் அமர்கிறாள் என்று கொள்வோம். மூன்று சரணமும் ஓர் ஆலாபனையும் கொண்ட பாட்டு அவளை அங்கிருந்து எழுப்பி விரட்டிவிடும். அவளுக்கு வேண்டியது ஒரு குழலின் நான்கு சுரம். சில வேளைகளில் அதுவும் மிகை. தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்ட தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005), தோட்டத்தை விட்டு வெளியேறியோரைக் காட்டிய சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) போன்ற படங்களுக்குக் கோடம்பாக்கத்து நகலால் ஆவது ஒன்றுமில்லை. மலாக்காவின் ஹங் துவா கதையை 1956இல் படமாக்கியவர் வங்காளியரான பணி மஜும்தார், இசையமைத்தவர் பி. ரம்லி. ஆசியத் திரைப்பட விழாவில் விருது பெற்ற அவ்விசை இன்றும் மலாய் மக்களின் நாவில் நிற்கிறது.

இனித் தாளுக்கு வருவோம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் பணித்ததன் பேரில் ஆக்கப்பட்ட படைப்பின் உரிமை, மாறான உடன்பாடு இல்லையெனில், பணித்தவருக்கே சென்றதாகக் கருதுகிறது. எவரும் பணிக்காமல், தானே ஆக்கி வைத்த பாட்டோ ஆக்கியவனிடமே நிற்கும். அதன் உரிமையை மாற்றித் தருவதோ பயன்படுத்த அனுமதி தருவதோ எழுத்தில் இருந்தாலன்றிச் செல்லாது. ஆகவே ஒரே மெட்டுக்கு இரு விதி. முன்பே மெட்டமைத்து வைத்தவன் உரிமையாளன். இயக்குநர் பணித்தபின் மெட்டமைத்தவன், எழுதி வாங்காவிட்டால், வெறுங் கூலிக்காரன். பால்மரம் சீவிய பாட்டனுக்கு மரம் சொந்தமில்லாதது போல, பேரனுக்குப் பாட்டும் சொந்தமில்லை!

மேலும், பாடல் ஒன்றனுள் உரிமைகள் பல. சொல்லும் மெட்டும் ஒருபுறம், ஒலிப்பதிவு மறுபுறம். ‘குணா’ (1991) படப் பாடல் 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்னும் மலையாளப் படத்தில் ஒலித்தபோது இளையராஜா வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். தயாரிப்பாளர் தரப்போ, உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் முறையாக அனுமதி பெற்றதாகக் கூறியது. பெரும் பெயருக்கே இந்நிலையென்றால், மெர்லிமாவ் இளைஞனின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

உறுமிக் குழுவினர் நிலை இன்னும் சிக்கலானது. தலைமுறைகளாக வரும் தாளக்கட்டு எவருடைய தனிச்சொத்தும் அன்று. மலாய்க்காரர், பாபா நியோன்யா, மலாக்காச் செட்டிகள் எனப் பலரும் பாடும் டொண்டாங் சாயாங் 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றதும் பொதுமரபாகவே. ஆயின் மரபு பொது என்பதால் வாசிப்பும் பொதுவாகிவிடாது. அன்றிரவு வாசித்த கைகளுக்கும் அதைப் பதிவு செய்தவருக்கும் சட்டத்தில் தனித்தனி உரிமை உண்டு. ‘பாரம்பரிய இசை’ என்று ஒரு வரி போட்டு முடித்துவிடும் பெயர்ப்பட்டியல் அந்தக் கைகளை மறைத்துவிடுகிறது.

விடுப்புக் கடிதமும் விண்ணப்பக் கடிதமும் எழுதப் பழக்கும் தமிழ் வகுப்பில் இசை உடன்படிக்கை ஒன்றையும் எழுதப் பழக்கலாம். பாட்டின் பெயர், எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர். எந்த நாடகத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு. மறு ஒளிபரப்புக்கும் அயல்நாட்டுக்கும் சேர்த்தா, தனியேயா. தொகை எவ்வளவு, எப்போது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.