மந்தை வேறு, கிடை வேறு

விலங்குக் கூட்டங்களின் பெயர் என்றாலே நம் ஆட்கள் ஆங்கிலப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். காக்கைக் கூட்டத்துக்குக் ‘கொலை’ என்று பெயராம்! 1486-இல் இங்கிலாந்தில் அச்சான செயின்ட் ஆல்பன்ஸ் நூல், வேட்டையாடும் கனவான்களுக்குத் தொகுத்துத் தந்த பட்டியல்களில் வந்தது அது. அதில் பல பெயர்கள் வேடிக்கைக்காகக் கட்டியவை. அவற்றைத் தமிழாக்கிப் பரப்பிவிட்டுத் தமிழில் இப்படி இல்லையே என்று அங்கலாய்ப்பது வெறும் மேம்போக்கு. தமிழில் இருக்கிறதா என்று தெரிய, கோவில்பட்டியில் பஸ் ஏறி, கரிசல் கிராமமான இடைசெவல் பக்கம் போய்ப் பாருங்கள்.

மாட்டுக்கு நிரை, எறும்புக்குச் சாரை. ஆநிரை கவர்வதற்கென்றே வெட்சித் திணை இருக்கிறது. அடிப்படை இவ்வளவு போதும்.

இனி ஆட்டுக்கு வருவோம். பகலில் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போனால் மந்தை. முள்ளடைப்புக்குள் அடைத்தால் பட்டி. வெள்ளாமை எடுத்த புஞ்சையில் ராத்திரி அமர்த்தினால் கிடை. ஆடுகள் அவையேதான், இருக்கிற இருப்புக்குத் தக்கபடி பெயர் மாறுகிறது. ‘கிட’ என்ற வினையிலிருந்து வந்தது கிடை. அதில் ஒரு கணக்கும் உண்டு. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரத்தான் சம்சாரி, அதாவது விவசாயி, கிடை போடச் சொல்கிறார். அதற்குக் கூலியும் உண்டு. புஞ்சைக்காடு முழுக்க உரம் பரவ வேண்டும் என்பதால், இன்றைக்குக் கிடந்த இடத்தில் நாளைக்கு அமர்த்த மாட்டார்கள். பக்கத்துத் துண்டுக்கு நகர்த்துவார்கள். ஆக, கிடை என்றால் ஆடு மட்டுமில்லை. ஆடு, ராத்திரி, அடுத்த வருஷத்துப் பருத்தி மூன்றும் அதற்குள் இருக்கின்றன. மந்தையில் இது கிடையாது. மந்தைக்கு வேறொரு அழகு: கால்நடை கூடும் ஊர்ப் பொதுவிடத்துக்கும் அதே பெயர். பட்டியும் அப்படியே, தொழுவமும் பட்டி, சிற்றூரும் பட்டி.

எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தன் குறுநாவலுக்குக் ‘கிடை’ என்று பெயர் வைத்தார். 2003-இல் அம்ஷன் குமார் அதை ‘ஒருத்தி’ என்ற படமாக எடுத்தார். ‘கிடை’யைக் கிராமியக் காதல் கதை என்று மட்டும் எழுதிப் போகிற விமர்சகர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. தலைப்பைக்கூட வாசிக்காமல் என்ன வாசிப்பு?

உங்களிடம் சொல்வதற்கென்ன, இந்தப் பெயர்களை ரசிக்க அகராதிகூட வேண்டாம். பங்குனி, சித்திரையில் பொழுது சாய்கிற நேரம் கரிசல் காட்டுக்குப் போங்கள். குட்டிகளைக் குடாப்பு என்கிற கூண்டில் அடைத்துக்கொண்டிருப்பார்கள். “எத்தனை ஆடு?” என்று ஆரம்பிக்காதீர்கள். “அண்ணாச்சி, கிடை யார் காட்டுல?” என்று கேளுங்கள். அப்புறம் அவர் பேச்சை நிறுத்த மாட்டார்.