எது பணயம்?

திண்டுக்கல் பக்கம் கூட்டங்களில் வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால், கைக்காசைப் போட்டு 'எழுத்து' நடத்திய தியாகக் கதையோடு முடித்துவிடுகிறார்கள். கைக்காசைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். அதனாலேயே படைப்பு வந்துவிடாது. 1959 முதல் 1970 வரை 119 இதழ்களில் அவர் பணயம் வைத்தது தன் மதிப்பீட்டை என்பேன். யாப்பில்லாதது கவிதையே இல்லையென்று பண்டிதர்கள் சாதித்தபோது அதை அச்சேற்றினார். அது ஏன் கவிதை என்று அலசினார். 1962-இல் 'புதுக்குரல்கள்' தொகுத்தார். காலம் பொய்யாக்கியிருக்கக்கூடிய தீர்ப்பு அது. அந்தத் துணிவில்தான் புதுக்கவிதைக்கு இடம் கிடைத்தது. ஊர்வலத்தில் அடிவாங்கத் தயாராயிருக்கும் தோழர்கள், கட்டுரையில் மட்டும் கைதட்டல் நிச்சயமான முடிவையே எழுதுவது ஏன்? தப்பாகப் போகலாம் என்கிற இடத்துக்கே போகாத எழுத்து, எவ்வளவு கோஷம் போட்டாலும், பத்திரமான எழுத்துதான்.