சொல்லும் சொன்னவரும்

திருச்சியை அடுத்த ஃபாத்திமா நகரில் ஆசிரமம் நடத்தியவர் சுவாமி பிரேமானந்தா. ஆசிரமத்தில் அடைக்கலம் பெற்ற பெண்கள் 13 பேரைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கும் ஒரு கொலைக்கும் 1997இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011இல் தண்டனைக் கைதியாகவே இறந்தார். பக்தியும் சேவையும் பற்றிய அவருடைய உரைகள் இன்றும் நூல்களாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கு மதிப்பு உண்டா?

கேள்வி பழையது. வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில், யார் சொன்னாலும் பொருளின் மெய்யைப் பார் என்கிறார். பேதைமை அதிகாரத்திலோ, கற்றுணர்ந்து பிறருக்கும் சொல்லிவிட்டுத் தான் அடங்காதவனைவிடப் பெரிய பேதை இல்லை என்கிறார். இதை முரண் என்று நான் கருதவில்லை. முன்னது கேட்பவனுக்கு, பின்னது சொல்பவனுக்கு.

நியாயம் என்னும் தருக்க மரபில் வாத்ஸ்யாயனர், பொருளை நேரில் அறிந்து அறிந்தபடியே சொல்ல விரும்புபவரை ஆப்தர் என்றார்; அவர் முனிவராகவும் இருக்கலாம், மிலேச்சராகவும் இருக்கலாம். பிறப்பு தடையல்ல, நேர்மையின்மை தடை. ரோமாபுரியில் பெருஞ்செல்வத்தோடு வாழ்ந்த செனெக்கா, நான் அறத்தைப் போற்றுகிறேன், என்னையல்ல என்று வாதிட்டார். கெட்ட போதகரின் சொல்லும் பலருக்கு உதவும், ஆனால் சொன்னபடி வாழ்ந்தால் இன்னும் பலருக்கு உதவும் என்றார் புனித அகஸ்டின்.

உளவியலாளர் ஜில்லியன் ஜோர்டனும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதன்படி, போலிகளை நாம் வெறுப்பது, அவர்கள் பிறரைக் கண்டிப்பதன் வழியாகத் தம்மை உத்தமராகக் காட்டிக்கொள்வதால்தான். தம் தவற்றை ஒப்புக்கொண்டவர்மீது அந்த வெறுப்பு பெரிதும் தணிந்தது.

ஸ்ரீரங்கத்துக்கு இது தெரிந்த செய்தி. அரங்கனுக்கு நந்தவனம் அமைத்த விப்ரநாராயணர், தேவதேவி என்ற கணிகையிடம் மயங்கி, கோயில் வட்டிலைத் திருடிய பழியையும் சுமந்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. அவரே தொண்டரடிப்பொடி ஆழ்வார். 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையில் தம் குறைகளை மறைக்காமல் சொல்லிக்கொண்டே பிறருக்கும் வழி சொல்கிறார். இன்று அவருடைய திருப்பள்ளியெழுச்சியை ஓதும் எவரும் அவர் தகுதியைக் கேட்பதில்லை.

ஆகவே அறிவுரையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குடி ஈரலைக் கெடுக்கும் என்று குடிகாரர் சொன்னாலும் உண்மைதான். மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். சரணடை, கேள்வி கேட்காதே என்பதற்கோ சொல்பவரைத் தவிர வேறு சான்று கிடையாது. அவர் பொய்த்தால் அதுவும் பொய்த்தது. சேவை செய் என்ற சொல் பிரேமானந்தாவோடு அழியவில்லை. அவர் சொல்லித்தான் அது நமக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. திருச்சி அரண்மனைப் பணியைத் துறந்த தாயுமானவரிடம் எல்லா உயிர்மீதும் இரக்கம் கற்கலாம்.

நல்ல உரைகளைக் காட்டி ஒருவரைக் காப்பாற்ற முயல்பவர்களை வாசகர்கள் ஏற்கக் கூடாது. உரை நன்றாக இருந்தது என்பது அந்த 13 பேரின் சாட்சியத்துக்கு மறுப்பாகாது.